லட்சுமிக்கு ஆணி, டப்பாவுக்குச் சட்டம்

காரைக்குடியில் ஒரு வளவு வீடு. சென்னையில் ஓவியக் கண்காட்சி நடத்தும் பேரன் கையில் சுத்தியல். அப்பத்தா கையில் பனையோலை விசிறி.

பேரன்: அப்பத்தா, இந்தக் காலண்டரைக் கழட்டிட்டு ஆண்டி வார்ஹால் படத்தை மாட்டப் போறேன். பாப் ஆர்ட் முன்னோடி!

அப்பத்தா: என்ன படம் ராசா?

பேரன்: சூப் டப்பா. 1962-ல ருசிக்கு ஒண்ணா 32 டப்பா வரைஞ்சார்.

அப்பத்தா: முப்பத்திரண்டுதானா? என் கல்யாணத்துக்கு வச்ச எனாமல் தூக்குச்சட்டியே அதுக்கு மேல இருக்கும். ஒருத்தனும் வரையலை.

பேரன்: விளையாடாதீங்க. விளம்பரத்துக்கு வரைஞ்சவர், உதவியாளுங்களை வச்சு அச்சு அச்சா ஓட்டினார். பட்டறைக்குப் பேரே ஃபேக்டரி.

அப்பத்தா: அப்ப அந்தக் காலண்டர் கஜலட்சுமிக்குக் கீழே மூலையில என்ன போட்டிருக்குன்னு வாசி.

பேரன்: சி. கொண்டைய ராஜு...

அப்பத்தா: மெட்ராசுல ஓவியம் படிச்சாக. ரமணாசிரமத்துல இருந்தாக, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினாக. கடைசியில கோவில்பட்டியில தங்கி, சுப்பையா, ராமலிங்கம்னு சீடப்பிள்ளைகளோட வரைஞ்சாக. கல்யாணமே கட்டலை. சிவகாசியில அச்சடிச்சு, ஜவுளிக்கடைக்காரன் தன் பேரைப் போட்டுச் சும்மா குடுத்தான்.

பேரன்: அது காலண்டர் ஆர்ட். பக்தி வந்துட்டா பாப் இல்லை.

அப்பத்தா: உங்காளு சாமி கும்பிடமாட்டாகளா?

பேரன்: (தயங்கி) அடிக்கடி சர்ச்சுக்குப் போவார்.

அப்பத்தா: சரி, பாப்னா என்ன அர்த்தம்?

பேரன்: பாப்புலர். ஜனங்களோட கலை.

அப்பத்தா: அந்த டப்பாப் படம் எத்தனை ஜனங்க வீட்டுல தொங்குது?

பேரன்: நியூயார்க் மியூசியத்துல இருக்கு. விலை கோடிக்கணக்குல.

அப்பத்தா: ம்.

பேரன்: கலைக்கு ஒரு கலகம் வேணும் அப்பத்தா! படத்துமேலயே வேற பொருளை ஒட்டி...

அப்பத்தா: என் மாமியார் ரவிவர்மா படத்து லட்சுமிக்குச் சரிகைத் துண்டு வெட்டிச் சேலை உடுத்தி, ஜிகினா ஒட்டி வச்சிருந்தாக.

பேரன்: மிக்ஸ்ட் மீடியா! எங்கே அது?

அப்பத்தா: போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கையில நீதானே எடைக்குப் போட்டே. இப்ப முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு கடை வாசல்ல கண்ணாடி போட்டுத் தொங்குது. விலை கேட்டேன், திரும்பி வந்துட்டேன்.

(பேரன் சுத்தியலைத் திண்ணையில் வைக்கிறான்.)

அப்பத்தா: இந்தக் காலண்டர் அட்டைக்கு வருசா வருசம் தேதிக்கட்டு மட்டும்தான் மாத்துறேன். கொண்டைய ராஜு 1976-லயே போய்ச் சேர்ந்துட்டாக, லட்சுமி இங்கேதான் இருக்கா. நீ வந்ததுலருந்து நாலு நாளா யாரும் தாளைக் கிழிக்கலை. கிழி.