நிரந்தரப் பணியாளரின் கணவர்

எங்கள் குடும்பத்தில் நிரந்தர வேலை எனக்குத்தான். கும்பகோணத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கிறேன். அறுபது வயதுவரை என்னை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கோபம் வந்தால் ராமேஸ்வரத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான். கணவர் டெக்ஸஸில், டல்லாஸை ஒட்டிய இர்விங்கில், மென்பொருள் வேலை பார்க்கிறார். கல்யாண வீடுகளில் அறிமுகம் இப்படித்தான் நடக்கும்: “மாப்பிள்ளை அமெரிக்காவுல பெரிய வேலை. இவ இங்க சும்மா பேங்க்ல இருக்கா.”

அந்தப் பெரிய வேலை ஒரு வியாழக்கிழமை, கால் மணி நேர வீடியோ அழைப்பில் போயிற்று. மாமியாரையும் ஒரு நாத்தனாரையும் தவிரச் சொந்தத்தில் வேறு யாருக்கும் இன்றுவரை தெரியாது.

எச்-1பி விசாக்காரருக்கு வேலை போனால் வேலையோடு முடிவதில்லை. அவர் அந்த நாட்டில் இருப்பதற்கே அந்த வேலைதான் காரணம். போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் அவருடைய ஐ-94, அதாவது எந்தத் தேதிவரை தங்கலாம் என்று குறிக்கும் பதிவு, காலாவதியானால் அதுவரைதான். இந்த அறுபது நாளும் 2017-ல் வந்த சலுகையாம். அதற்கு முன் அதுவும் கிடையாது என்று அவர் விளக்கியபோது, நான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமோ என்று தோன்றியது. கெடு முடிகிற வாரத்தில் வேறொரு கம்பெனி அமைந்தது. அவர்கள் புது மனுப் போட்டார்கள். 2000-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் புண்ணியத்தில், மனுப் போட்ட கையோடு வேலையில் சேரலாம். முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். சேர்ந்தார். சம்பளம் வந்தது. முடிவுதான் வரவில்லை. இணையத்தில் மனு எண்ணைத் தட்டினால் ‘பெறப்பட்டது’ என்று வரும். அதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கட்டணத்தை எடுத்துக்கொண்டார்களே.

ஆக, அவர் அங்கே இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். ஊருக்கு மட்டும் வர முடியாது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா எப்போதோ காலாவதி. உள்ளே இருக்கிறவரை அதைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். வெளியே போனால் திரும்பி நுழையப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இந்த லட்சணத்தில் 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. இடைப்பட்ட ஒரே ராத்திரியில் அவருடைய வாட்ஸாப் குழுவில் இருந்த அத்தனை பேரும் வக்கீலாகிவிட்டார்கள். தன் தங்கை கல்யாணத்தையும் அவர் போனில்தான் பார்த்தார். முகூர்த்த நேரத்தில் யாரோ போனைச் சாய்த்து வைத்துவிட, தாலி கட்டி முடிக்கும்வரை அவருக்கு ஜமக்காளம்தான் தெரிந்திருக்கிறது. “எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டேன். “பவானி ஜமக்காளம்தானே அது?” என்றார்.

அவர் வர முடியாது என்றால் நான்தான் போக வேண்டும். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன்.

டிஎஸ்-160 என்ற படிவத்தில், அமெரிக்காவில் இருக்கும் நெருங்கிய உறவினரின் நிலை என்ன என்று ஒரு கேள்வி உண்டு. குடிமகன், நிரந்தரவாசி, குடியேறாதவர் என்று வரிசையாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ‘மற்றவை அல்லது எனக்குத் தெரியாது’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கணவரைப் பற்றி மனைவியிடம் கேட்கும் படிவத்தில் அந்தக் கட்டத்தை வைத்தவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். சட்டப்படி சரியான விடை ‘குடியேறாதவர்’. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் குப்பை கொட்டியவருக்கு அதுதான் பெயர்.

அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214(b) என்று ஒரு பிரிவு. சுற்றுலா விசா கேட்டு வருகிற எவரும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அதிகாரி முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று காட்டுவது விண்ணப்பிப்பவர் பாடு. நானும் நகைக்கடன், பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களை அப்படித்தான் பார்க்கிறேன் என்பதால் இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? புருஷனைப் பார்க்கப் போகிறவள், அவரை விட்டுவிட்டுக் கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். கும்பகோணத்திலோ இதற்கு நேர் எதிரான வழக்கு நடந்துகொண்டிருந்தது. “போனா அங்கேயே இருந்துடேம்மா. அவன் ஒத்தையில கெடக்கான்” என்று அத்தை, அதாவது என் மாமியார். “வேலைதான் பெருசுன்னு இருக்கா” என்று அத்தைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். அங்கே பாசம் குறைச்சல் என்று நிரூபிக்க வேண்டும், இங்கே குறைச்சல் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோப்புதான் இருந்தது.

கோப்பில் சம்பளச் சீட்டு, வைப்புநிதி ரசீது, வீட்டுப் பத்திர நகல், வங்கியின் தடையில்லாச் சான்று எல்லாம் அடுக்கினேன். (அந்தத் தடையில்லாச் சான்று வாங்கிய கதை தனி. ஒரு நாட்டுக்குள் நுழைவதைவிட என் மேலாளர்களின் மேலாளரிடம் கையெழுத்து வாங்குவது கஷ்டம்.) கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப் போகச் சொன்னான் தம்பி. புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன். கேஸுக்கு ஆகாது என்று பீரோவிலேயே வைத்துவிட்டேன்.

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர். கணவரின் நிலையைக் கேட்டார். மனு நிலுவையில் இருக்கிறது என்றேன். சார்ந்து வாழ்பவருக்கான விசா வாங்கிக்கொண்டு அவரோடேயே இருக்கலாமே என்றார்.

“மார்ச் 31 கணக்கு முடிக்கணும். எங்க கிளையில கடன் பிரிவுக்கு நான் ஒருத்திதான்.”

“இது உங்கள் கணவருக்குத் தெரியுமா?”

“தெரியும். வருஷா வருஷம் சொல்றேன்.”

கோப்பைக் கேட்கவே இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஆண்டிறுதிக் கணக்குக்கு இப்படியொரு மதிப்பு இருப்பது எங்கள் தலைமை அலுவலகத்துக்கே தெரியாது.

துபாயிலிருந்து டல்லாஸுக்குப் பதினாறு மணி நேரப் பயணம். கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் தொற்றி வரும் என்பதால் பச்சை இலைக்குத் தடை. ஊறுகாய், பொடி வகைகளோடு இறங்கினேன். வழக்கப்படி ஆறு மாதம் தங்க அனுமதித்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கணவர் செய்த முதல் காரியம், போனில் என் ஐ-94-ஐத் தேடிப் பார்த்தது. விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013-லிருந்து அது காகிதமாகக் கிடையாது, எல்லாம் இணையத்தில்தான். பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உனக்கு ஆறு மாசம் இருக்கா?”

“ஆமாங்க.”

“தேதியே போட்டிருக்கானே!” என்றார். அவ்வளவு ஏக்கமாக அவர் என்னைக்கூடப் பார்த்ததில்லை. வாடகை கொடுப்பவர் அவர், சமூகப் பாதுகாப்பு வரி கட்டுபவர் அவர். அந்த வீட்டில் இன்ன தேதிவரை இருக்கலாம் என்று தெளிவாக எழுதி வாங்கியிருந்தவள், ஊர் சுற்ற வந்த நான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் தொழில் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வாடகை ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம். சோபா கிடையாது, மடக்கு நாற்காலி இரண்டு. மெத்தை தரையில். சாப்பாட்டு மேசை என்று அவர் காட்டியது, மைக்ரோவேவ் அடுப்பு வந்த அட்டைப்பெட்டி. அந்த அடுப்பை விற்க நேர்ந்தால் பெட்டி வேண்டுமாம். ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தேன். குடிமக்கள் அல்லாதவர்களில் இவரைப் போன்ற தற்காலிகக்காரர்களின் உரிமத்தில் டெக்ஸஸ் மாநிலம் ‘லிமிடெட் டெர்ம்’ என்று அச்சடித்தே தருகிறது. நிலையான இருப்பிடம் இல்லை, அசையாச் சொத்து இல்லை, வருமானம் மேலிட முடிவுக்கு உட்பட்டது. இந்த மனிதர் என் கிளைக்கு வந்திருந்தால் இருசக்கர வாகனக் கடனுக்குக்கூடப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். சொன்னேன். “ஜாமீன் போட நிரந்தர வேலையில ஒரு பொண்டாட்டி இருக்காளே” என்றார்.

சனிக்கிழமை அவருடைய நண்பர் வீட்டில் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்திருந்தார்கள். புதிதாக வந்த ஒருவரிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட்ட கேள்வி, “உங்க ப்ரயாரிட்டி டேட் என்ன?” நம் ஊரில் நட்சத்திரம் கேட்பது போலத்தான். கிரீன் கார்டு வரிசையில் ஒருவர் துண்டு போட்ட தேதி அது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். மாதாமாதம் வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் வெளியிடும். அதை எல்லோரும் பஞ்சாங்கமாகப் பார்க்கிறார்கள். தேதி முன்னால் நகர்வதும் உண்டு, பின்னால் போவதும் உண்டு, ஆகவே வக்ர கதிக்கும் குறைவில்லை. வேலைவழிக் கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000; எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதம்தான் உச்சவரம்பு. நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, நமக்கும் அதே வரம்பு. சமத்துவம் என்றால் இதுதான். வேலைவழியில் இரண்டாம் பிரிவான ஈபி-2-ல் இந்தியர்களுக்கான வரிசை 2025 இறுதியில் 2013-ல் நின்றுகொண்டிருந்தது. என் கணவருடைய தேதி 2016. “பக்கத்துலதான்” என்று எல்லோரும் அவரைத் தேற்றினார்கள். மூன்று வருஷ வித்தியாசம் மூன்று வருஷத்தில் தீராது என்று அங்கிருந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

நண்பர் கிரீன் கார்டு வாங்கியவர். அவர் வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை ஆளுயரத்துக்கு நின்றது. குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைத்துவிடுவாராம். நாமும் ஒரு கன்று வாங்கினால் என்ன என்றேன். “திடீர்னு கெளம்பச் சொன்னா யார்கிட்ட குடுக்கறது?” என்றார் கணவர். நண்பர் உடனே, “எங்கிட்ட குடுங்க” என்றார். அவர் தோட்டத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அதில் பாதிச் செடிகள் அப்படி வந்தவை.

ஆறு மாத அனுமதியில் பெரும்பகுதியை வீணாக்கிவிட்டு, மார்ச்சுக்கு முன்பே ஊர் திரும்பினேன். அத்தை ஒரு சிக்கலோடு காத்திருந்தார்.

நாத்தனார் ஒருத்தி ஹைதராபாத்தில் இருக்கிறாள். அங்கே சில்கூரில் விசா பாலாஜி என்றே பெயர் வாங்கிய பெருமாள். வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, வேண்டுதல் பலித்தால் 108 சுற்று. மகனுக்கு வேலை போன சமயத்தில் அத்தை போய் 11 சுற்றிவிட்டு வந்தார். இப்போது வேலை கிடைத்துவிட்டது, மனுவும் ‘பெறப்பட்டது’.

“பலிச்ச மாதிரியா, இன்னும் இல்லையா? நான் 108 சுத்தணுமா வேணாமா?”

போனில் மகனைக் கேட்டோம். முடிவு வருவதற்குள் சுற்றிவிட்டு, அப்புறம் நிராகரித்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் பயந்தார். சுற்றாமல் விட்டதனால்தான் நிராகரித்தார்கள் என்று ஆகிவிட்டால் என்று நாத்தனார் பயந்தாள். அத்தையின் முழங்காலும் ஒரு தரப்பாக இருந்தது. இரண்டு நாள் யோசித்து அத்தையே தீர்ப்புச் சொன்னார்: இன்னொரு 11 சுற்றுவது, அதைப் பெருமாள் நீட்டிப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

சுற்றுகளைக் குறித்துக்கொள்ள அங்கே கட்டம் போட்ட அட்டை உண்டு. அதைத் தூக்கிப் போடாமல் ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் என் கணவர்.