பளபளப்பு பல்லுக்கு, சொரசொரப்பு திருகுக்கு

கேள்வி: விழுந்த பல்லுக்குப் பதிலாக டைட்டானியம் திருகு வைக்கப்போகிறார் டாக்டர். வாங்குகிற காசுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டுத் தரக்கூடாதா?

பதில்: கான்கிரீட் தூணைக் கொத்திவிட்ட பிறகுதானே கொத்தனார் பூசுகிறார்? இங்கேயும் அதே கதைதான். தாடையில் துளை போட்டதும் முதலில் வந்து நிற்பது ரத்தம். அது உறைந்து ஃபைப்ரின் நூல் வலையாகிறது. சொரசொரப்பான திருகை அந்த வலை இறுகப் பிடித்துக்கொள்ளும். எலும்பு கட்டும் செல்கள் நூலைப் பிடித்து ஏறிவந்து திருகின் மேலேயே வேலையைத் தொடங்கும். வழவழப்பு என்றால், உறைந்த ரத்தம் சுருங்கும்போது பிடி விட்டுப்போகும். எலும்பு எதிர்ச்சுவரிலிருந்து ஆடி அசைந்து வரவேண்டியதுதான். அதனால்தான் துகள்களை வீசியடித்து, அமிலத்திலும் முக்கியெடுக்கிறார்கள். மேடுபள்ளம் என்னவோ 1, 2 மைக்ரான்தான் (தலைமுடியின் தடிமன் சுமார் 70). ரொம்பவும் கரடுமுரடாக்கினால் ஈறோரம் கிருமிகள் குடியேறிவிடும், வாடகையும் தராது.

1950களில் ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியை, எலும்பு ஒட்டிக்கொண்டதால், திரும்பக் கழற்ற முடியாமல் திண்டாடியதில் ஆரம்பித்த சங்கதி இது. முயல் பாலிஷ் கேட்டதாகத் தகவல் இல்லை.