வாலும் காலும்

ஐம்பது வயதில் சிலருக்குச் சீனி வருத்தம் வரும், சிலருக்குப் பிரஷர் வரும். எனக்கு 1993ஆம் ஆண்டு மொடல் மாஸ்டா மியாட்டா கார் வந்தது. சிவப்பு நிறம், இரண்டே இரண்டு இருக்கை, கையால் மடிக்கும் துணிக்கூரை. லைட் போட்டால் தவளைக் கண்போல இரண்டும் மேலெழும்பும். எஞ்சின் 1.6 லீற்றர், குதிரைவலு 116, எடை ஆயிரம் கிலோ அளவில். இதைச் செய்த ஜப்பானியர் ‘ஜின்பா இத்தாய்’ என்று ஒரு தத்துவம் சொல்வார்கள்: குதிரையும் ஏறினவனும் ஓருடல்.

“பிள்ளையளை எங்கை ஏத்துறது?” என்று மனைவி கேட்டாள். தத்துவத்தில் அதற்கு இடம் விடவில்லை.

முதல் வருடம் முழுக்க அலங்காரம். பின்னுக்கு ஒரு வால் பூட்டினேன். கடைக்காரப் பெடியன் அதை ஸ்பொயிலர் என்றான். காற்று காரை நிலத்தோடு அமத்துமாம். பொய்யில்லை. ஆனால் அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு என் வேகம் 20. நூறில் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அங்கே மிச்சம். வாலில் ஒரு புறா வந்து குந்தினால் அதைவிடக் கூட அமத்தும்.

பிறகு சில்லு. கொம்பனி போட்டது 14 அங்குலம். நான் 17 அங்குலத்தில் கறுப்புச் சில்லுகளை ரயரோடு சேர்த்து அரைவிலைக்கு வாங்கினேன். ஸ்பிரிங்குக்குக் கீழே பாரம் கூடினால் சில்லு குழியைத் தானே சமாளிக்காது, அப்படியே என் நாரிக்கு அனுப்பிவிடும். பனி உருகும் மார்ச் மாதத்தில் எங்கள் தெருவில் குழிக்கா பஞ்சம்? கார் இழுப்பதும் மந்தமாகிவிட்டது. ஆனாலும் கோயில் கார் தரிப்பிடத்தில் பெடியன்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்களே!

கராஜில் காரைத் தூக்கிய மெக்கானிக் தம்பி ரோச் அடித்து, “அண்ணை, இதை வாசியுங்கோ” என்றான். ரயரின் பக்கத்தில் 2309. எனக்கு ஏதோ பார்ட் நம்பர்போலத் தெரிந்தது.

“2009ஆம் ஆண்டு, 23ஆவது கிழமை செய்த ரயர்.”

என் கடைசி மகளைவிட இரண்டு வயது மூத்தது.

“வெட்டெல்லாம் ஆழமாத்தானே கிடக்குது?”

“றப்பர் கல்லாப் போச்சு, அண்ணை.”

பிரேக் ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்துச் சூடேறினால் அந்த நீர் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் நிலத்துக்குப் போகும், கார் நிற்காது. கூரைத் தண்ணீர் வடியும் ஓட்டை இலை அடைத்து, கதவுக்குக் கீழே துருப் பிடித்திருந்தது. அந்தத் துருவுக்கு மேலேதான் நான் போன கோடையில் மினுக்கமாகப் பெயின்ற் அடித்திருந்தேன்.

கறுப்புச் சில்லுகளை விற்று, பழைய 14 அங்குலத்தைத் திரும்பப் பூட்டினேன். புது ரயர், ஷொக், பிரேக் எல்லாம் போட்டதில் காரின் விலையில் பாதி போய்விட்டது. வளைவில் கார் இப்போது நூல் பிடித்ததுபோலத் திரும்புகிறது. யாருக்குத் தெரியும்? படம் எடுக்க ஒருவரும் வருவதில்லை.

மச்சான் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். “என்னடாப்பா, சில்லையும் வித்துப்போட்டாய்? கைகடியோ?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு போய், பின்னால் ஒருவரும் வராத வெறும் ரோட்டில் ஒரே மிதி. கார் அந்த இடத்திலேயே நின்றது. அவன் மடியிலிருந்த ரோல்ஸ் பெட்டி நிற்கவில்லை.

“இப்ப தெரியுதோ வித்தியாசம்?”

கண்ணாடியில் ஒட்டியிருந்ததை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். “ஆட்டிறைச்சி, என்ன?”

வாலை மட்டும் கழற்றவில்லை. புறாக்களுக்குப் பழகிவிட்டது.