நகரும் அக்கினி மூலை: கோபர்கைரனேத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் முதல் கேரவன் பயணத்தை முன்வைத்து

வாடகைக் கேரவனில் குடும்பத்தோடு முதன்முறை ஊர்சுற்றக் கிளம்புவோரின் வண்டிக்குள் அடுப்பு எத்திசையில் அமைதல் வேண்டும் என்னும் வினாவுக்கு இதுகாறும் ஆய்வுலகம் விடை கூறவில்லை. வினவியதாகவும் தெரியவில்லை. ஆகவே இது ஓர் ஆய்வு இடைவெளி. (இடைவெளி இல்லாத தலைப்புக்கு நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார்.) ஆய்வின் எல்லை, நவி மும்பை கோபர்கைரனேயின் தீன் டாக்கி தொடங்கிப் பஞ்ச்கனி வரை, மீள்வழி உட்பட. முதன்மைத் தரவுகள்: பெரியப்பா, ஆச்சி, மதினி. துணைமைத் தரவுகள்: மேற்படியாரின் வாட்ஸப்.

முன்னாய்வுகளைப் பொறுத்தவரை மேலைநாட்டார் 1885ஆம் ஆண்டைப் பெரிதாகப் பேசுவர். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் ‘வாண்டரர்’ எனும் குதிரைவண்டி வீட்டைப் பிரிஸ்டலில் செய்வித்து, வண்டியோட்டி, பணியாள், ஒரு நாய், ஒரு கிளி சகிதம் ஸ்காட்லாந்து வரை போனார். உடன் பெரியப்பா எவரும் சென்றதாகக் குறிப்பில்லை. எனவே அதைக் குடும்பப் பயணமென ஏற்பதற்கில்லை.

நமக்கோ பெரும்பாணாற்றுப்படை இருக்கிறது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் விட்ட இடமின்றி வருணித்திருக்கிறார். காடி வைத்த கலம் தொங்குகிறது. கோழி அடையக் கூடு இருக்கிறது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி மாடுகளை விரட்டிப்போகிறாள். சமையலறை, வளர்ப்புப் பிராணி, பெண் ஓட்டுநர் எல்லாம் ஆயிற்று. கேரவனுக்கு வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்குப் புறநானூறு 102இல் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை, உமணர் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் உபரி அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஆகவே ஸ்டெப்னி தமிழருடையது. (வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், உபரிச் சக்கரம் செய்து விற்றதால் வந்த பெயர் அது என்பாரும் உளர். அவர் தமிழ்ப் பகைவர்.) இந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரையேனும் முன்வரிசையில் உட்காரவைத்து வாசித்தால் பன்னாட்டுக் கருத்தரங்கக் கட்டுரை ஆகிவிடும்; ஐ.எஸ்.பி.என். எண்ணும் கிடைக்கும். தொகுப்பை யாரும் பிரிக்கமாட்டார்கள் என்பதால் பிழைதிருத்தம் தேவையில்லை.

இனி வகைப்பாடு.

ஓட்டுநர்: வண்டியோடு வந்தவர். பேசவில்லை, தரவில்லை.

சன்னலோரம்: பிள்ளைகளுடையது. விவாதத்துக்குரியதன்று.

சாமான்: முதலடியில் கிடக்கும் சொல்லை ஐம்பது அடி தள்ளியுள்ள சொல்லோடு கொண்டுகூட்டி நச்சினார்க்கினியர் பொருள் கண்டாற்போல, பல்துலக்கும் பிரஷ் ஒரு பையிலும் பேஸ்ட் மூன்று பை தள்ளியும் இருந்தன.

அண்டை அயலார்: சிட்கோ கட்டிய ரோ-ஹவுஸ் சந்துக்குள் வண்டி நுழையாததால் அது முக்கிலேயே நின்றது. கேரவன் என்றாலே சினிமா என்று பழகிய தமிழ்க்குடிகள் வந்து, எந்த நடிகர் உள்ளே இருக்கிறார் என்று விசாரித்தனர். பெரியப்பா பனியனோடு இறங்கியதும் கலைந்தனர்.

கழிவறை: வாடகையில் கணிசமான பகுதி இதற்காகவே கொடுக்கப்பட்டது. “சோறு பொங்குத எடத்துக்குப் பக்கத்துலயா? ஏட்டி, நான் செத்தாலும் போவமாட்டேன்” (ஆச்சி, வாய்மொழி, வெண்டைக்காய் நறுக்கியபடி). அதன்பின் அதனுள் முறுக்கு டின், அரிசிப் பை, ரெண்டு தலையணை ஆகியன வைத்துக் கதவு சாத்தப்பட்டது. விரைவுச்சாலையின் ஒவ்வொரு ஃபுட் மாலிலும் வண்டி நின்றமைக்கு இதுவே காரணம்.

இப்போது ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். மனையடி நூலார்க்கு அடுப்பு தென்கிழக்கில், அதாவது அக்கினி மூலையில், சாமி ஈசானியத்தில், வாயு மூலையாகிய வடமேற்கில் அடுப்பு வருவது இரண்டாந்தரம், சகித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும் வீட்டுக்குச் சொன்னவை. மகாராஷ்டிர அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதிலும் அக்கினி மூலை பற்றிப் பேச்சில்லை. அக்குறையைப் பெரியப்பா நிறைவுசெய்தார். கலம்போலி தாண்டியதும் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தார்.

அடுப்பு வண்டியின் பின்புறம். 2002இல் முழுதாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச்சாலை மொத்தத்தில் தென்கிழக்கு நோக்கிப் போவது. எனவே முகப்பு அக்கினி, பின்புறம் வாயு. ஓட்டுநர் அக்கினியில் அமர்ந்திருந்தார், ஏ.சி. போட்டும் அவருக்கு வியர்த்தது கவனிக்கத்தக்கது. அடுப்பு இரண்டாந்தரத்தில் இருந்தது, ஆகவே தேநீர் மட்டும் போடலாம் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு (பெரியப்பா, ‘கலாபூர் டோல் உரை’, திருத்திய பதிப்பு, மூலப் பதிப்பு லாரி ஹாரனில் சிதைந்தது). தேநீர் போடப்பட்டது. கண்டாலா மலைப்பாதையில் வண்டி வளைய, அடுப்பு வடக்கே போய், வடகிழக்கை எட்டிப்பார்த்து, மறுபடி வாயுவுக்கு வந்தது. தேநீர் பெரியம்மாவின் சேலைக்குப் போனது.

புனே கடந்து சாத்தாரா நோக்கித் தெற்கே திரும்பியதும் அடுப்பு குபேரன் திசையாகிய வடக்கில் நின்றது. அன்று பணம் தண்ணீராய்ச் செலவழிந்ததற்கு இதுவே காரணமா, அன்றி லோனாவ்லாவில் வாங்கிய சிக்கியா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. வாய் என்ற ஊரிலிருந்து பஞ்ச்கனிக்கு ஏறும் பசர்ணி மலைப்பாதையிலோ நிலைமை கைமீறியது. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அடுப்பு எண்திசைக் காவலர் அனைவரையும் ஒரு சுற்றுப் பார்த்து வந்தது. பெரியப்பா திசைகளை உரக்க அறிவித்தார். பிள்ளைகள் உரக்க வாந்தியெடுத்தனர்.

இரவு, பஞ்ச்கனி. வண்டி நிறுத்திய வாக்கில் படுக்கையில் தலைமாடு வடக்கே வந்தது. தலையணையை மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்றொரு எதிர்க்கருத்து எழுந்தது (மதினி, குரல் பதிவு, குடும்ப வாட்ஸப் குழு, நள்ளிரவுக்குச் சற்று முன், முற்பாதி மட்டும் கிடைத்துள்ளது, பிற்பாதி பதிவிட்டவராலேயே அழிக்கப்பட்டது, அப்பகுதியைக் கேட்டதாகக் கூறும் அத்தான் அதன் உள்ளடக்கத்தை வெளியிட மறுத்துவிட்டார்). ஏற்பதற்கில்லை: தலையணையை மாற்றினால், தலைமாட்டுச் சுவரில் ஒட்டியிருந்த முருகன் படத்தை நோக்கிக் கால் நீளும். எஞ்சிய வழி ஒன்றே. தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் எழுப்பப்பட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சொல்லாததை மேற்கோள் காட்ட இவ்வாய்வில் இடமில்லை.

மறுநாள் திரும்பும்போதுதான் பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. புனே தாண்டி வடமேற்கே வண்டி முகம் திருப்பியதும், பின்புறம் தென்கிழக்காயிற்று. அடுப்பு, யாரும் தொடாமலே, அச்சொட்டாக அக்கினி மூலையில் வந்து உட்கார்ந்தது. பெரியப்பா கண்கலங்கினார். கோபர்கைரனேவாசிகள் புனேவுக்குப் போவது சாத்திர விரோதம், திரும்பி வருவது மட்டுமே சாத்திர சம்மதம் என்பது இதனால் பெறப்படும். போகாமலே திரும்பிவருவது எவ்வாறு என்பது மேலாய்வுக்குரியது. உதவித்தொகை கிடைப்பின் பெரியப்பா தலைமையேற்கச் சம்மதித்துள்ளார்.

“ஏல, அப்பம் இப்பவாவது உலை வையுங்களேன்” என்றார் அவர். அரிசிப் பை கழிவறைக்குள் இருந்தது. கதவின் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. உடனே அடுத்த ஃபுட் மாலில் இறங்கி ஆளுக்கு ரெண்டு வடாபாவ் வாங்கப்பட்டது. அந்தக் கடையின் அடுப்பு எந்த மூலை என்று பார்க்கப் பெரியப்பா கைப்பேசியோடு கல்லாவுக்குப் பின்னால் போனார்.