முப்பத்தைந்தில் ஒரு பங்கு விலை கோரும் விண்ணப்பம்

பெறுநர்: விலை நிர்ணயக் குழுவினர், டாங்கிக் கிட் தயாரிக்கும் நிறுவனங்கள், ஷிஸுவோகா, ஹாங்காங் மற்றும் இன்ன பிற நகரங்கள்.

பொருள்: 1/35 என்னும் அளவை விலைக்கும் நீட்டிக்கக் கோருவது.

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசிப் போர் வண்டிகளின் சிறுமாதிரிகளைச் செய்வோர் புனித எண்ணாகப் போற்றும் 1/35 என்ற அளவு எந்த ராணுவ ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று; 1960களின் தொடக்கத்தில் ஷிஸுவோகாவின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கியை உருவாக்கியபோது, பேட்டரிகள் உள்ளே அடங்க வேண்டுமே என்று வண்டிக்குக் கொடுக்கப்பட்ட பருமனே பிற்பாடு அளவுகோலாக நிலைத்தது. பேட்டரிக்கு இடம் விட்டதில் தோன்றிய இந்த எண்ணை நம்பி, ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துச் சண்டையிடும் ஒரு பண்டித மரபே வளர்ந்திருக்கையில், அதே எண்ணை விலைக்கும் பொருத்திப் பார்ப்பது முறைகேடாகாது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 35-இல் ஒரு பங்காகக் குறையும்போது கன அளவு 42,875-இல் ஒரு பங்காகிவிடும். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய டைகர் டாங்கியின் எடையான 57 டன்னை இந்த எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 1.3 கிலோ வருகிறது; பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் அந்த எடையை எட்டுவதில்லை என்பதைக் குழுவினரின் சிக்கனத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். அந்த டாங்கிக்கு அன்று குறிக்கப்பட்ட விலை 2,50,800 ரைஷ்மார்க், அதாவது அக்கால ஜெர்மன் நாணயம். அதையும் 42,875-ஆல் வகுத்தால் ஆறு மார்க் கூடத் தேறாது. அந்த விலையில் பீரங்கியும் வானொலிக் கருவியும் சேரவில்லை என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. கிட்டை ஒரு விலைக்கும், அதன் பீரங்கிக்கான கடைசல் பிடித்த உலோகக் குழலை வேறொரு விலைக்கும் விற்கும் இன்றைய வழக்கத்துக்கு இவ்வளவு ஆழமான வரலாற்று வேர் உண்டு என்பதைக் குழுவினரே அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

செலவு பிளாஸ்டிக்கில் இல்லை, அச்சில்தான் இருக்கிறது என்ற மறுமொழி வரும். உருக்கிய பாலிஸ்டைரீனை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவதற்கான எஃகு அச்சைக் கடைந்தெடுப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை என்பதில் கருத்து வேறுபாடில்லை; ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் கடைந்த அச்சு, புதிய அட்டைப்படமும் புதிய ஒட்டுச்சின்னங்களும் பூண்டு புதுப்பெட்டியில் வரும்போது, விலை மட்டும் அன்று பிறந்த குழந்தையைப் போல் நடந்துகொள்வது ஏன் என்பதற்குத்தான் விளக்கம் கிடைப்பதில்லை.

உண்மையில் விற்கப்படுவது எதிர்பார்ப்பே என்று கொண்டால் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் ஷிஸுவோகா ஹாபி ஷோவை ஒட்டி முதலில் பெயர் மட்டும் வெளிவரும், அடுத்துக் கணினி வரைபடம், பிறகு, அச்சைச் சோதிப்பதற்காக வார்த்து ஒட்டிய, வண்ணம் காணாத சாம்பல் நிற மாதிரி, அதன்பின் அட்டைப்படம், எல்லாவற்றுக்கும் கடைசியில் விலை. ‘விரைவில்’ என்ற சொல் மட்டும் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் நிற்கும். வாங்குவோர் இதற்குள் மூன்று முறை பட்ஜெட் போட்டு, இரண்டு முறை வீட்டில் பொய் சொல்லி முடித்திருப்பார்கள்.

டைகரையே முற்பட்டது, இடைக்காலத்தது, பிற்பட்டது என மூன்றாகப் பகுத்துத் தனித்தனிப் பெட்டிகளாக விற்பதில் வரலாற்று நியாயம் உண்டு. 1943-இல் தளபதியின் பார்வைக் கூண்டும் 1944-இல் சக்கரங்களும் மாறியது மெய்தான். ஒரு பக்கத்துக்கு 96 வீதம் 192 சங்கிலிக் கண்ணிகளைத் தனித்தனியே வெட்டி, பிசிறு தேய்த்துக் கோத்துக்கொள்ளும் உரிமையை வாங்குபவருக்கே விட்டுக்கொடுத்திருப்பதும் பெருந்தன்மைதான். உட்புறம் முழுவதையும் கொண்ட கிட் இதற்கெல்லாம் மேற்பட்டது: எஞ்சின், குண்டு அடுக்குகள், ஓட்டுநர் இருக்கை என அத்தனைக்கும் பணம் வாங்கிக்கொண்டு, மேல்தட்டை ஒட்டியதும் அவற்றை எவரும் காணாதபடி மூடிவிடும் இந்தப் பண்டத்துக்கு வாணிப வரலாற்றில் இணை காண்பது அரிது. வாங்கியவர்களில் பலர் பெட்டியைத் திறப்பதேயில்லை என்பதால் இதுவரை பெரிய புகார் எழவில்லை.

ஆகவே குழுவினர், மேலே காட்டிய கணக்குப்படி கிட்டுக்கு ஒரு விலையும், எதிர்பார்ப்புக்குத் தனியாக மற்றொரு விலையும் குறித்து, இரண்டுக்கும் தனித்தனி ரசீது தர வேண்டும். திறக்காமல் அடுக்கி வைப்போருக்கு வெறும் பெட்டியை மட்டும் சலுகை விலையில் விற்க வேண்டும். ‘விரைவில்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டையாவது அச்சிட வேண்டும். இவற்றில் எதுவும் இயலாதெனில், அடுத்த டைகரிலாவது அந்த உலோகக் குழலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
அடுத்த டைகருக்கும் முன்பதிவு செய்துவிட்டோர்