கட்டிலடி நாகரிகம்: வேப்பூர் வட்டாரத்துப் பழைய மரச்சாமான்களின் வண்ண அடுக்கும் காலாட்டமும் குறித்து ஓர் ஆய்வு

கீழடியில் 2015இல் குழி தோண்டத் தொடங்கியது முதல், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வி தமிழனை விட்டபாடில்லை. கடலூர் மாவட்டத்துக்கும் யோகம் வந்தது. 2024இல் மருங்கூரில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. ஆனால் அதே மாவட்டத்தின் மேற்கே, வேப்பூர் வீட்டுத் திண்ணைகளில், நிதி ஒதுக்கீடு இல்லாமல், துறையின் அனுமதி இல்லாமல், பல நேரம் மனைவியின் அனுமதியும் இல்லாமல் நடந்துவரும் அகழாய்வு ஒன்று உண்டு. பழைய கட்டிலை வாங்கிவந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைத்தான் சொல்கிறோம். அறிஞர் உலகம் அதை இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. இக்கட்டுரை பார்க்கிறது.

முதலில் களம். வேப்பூர், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் கூட்டுரோடு. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பெயர் போன ஊர். இந்தச் சந்தைக்கும் மரச்சாமானுக்கும் உள்ள உறவை யாரும் ஆராயவில்லை. ஆடு ஏற்றிவந்த குட்டியானை வெறும் வண்டியாகத் திரும்புவதை எந்த ஓட்டுநரும் விரும்ப மாட்டார். ஆடு இறங்கிய இடத்தில் கட்டில் ஏறும். நெய்வேலியில் ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர் விட்ட டைனிங் டேபிள், விருத்தாசலத்தில் இடித்த ஓட்டுவீட்டின் கடைசல் கால் கட்டில், ஏலத்தில் போன பள்ளிக்கூட பெஞ்சு எல்லாம் இப்படித்தான் ஊர் வந்து சேருகின்றன. ஆகவே எந்தப் பொருளிலும் ஆய்வாளர் முதலில் சந்திப்பது ஆட்டுப் புழுக்கை அடுக்கு. இதைத் துடைப்பத்தாலேயே அகற்றலாம். இவ்வளவு எளிதாக வரும் அடுக்கு இதன்பின் ஒன்றும் இல்லை.

இத்துறையின் முன்னோடி என்று கி.ராஜநாராயணனைச் சொல்ல வேண்டும். அவருடைய 'நாற்காலி' கதையில், ஒரு வீட்டில் ஆசையாகச் செய்த நாற்காலி, ஊரில் இறந்தவர்களை உட்கார்த்திவைக்க இரவல் போகிறது. திரும்பி வந்த நாற்காலியில் உட்காரப் பிள்ளைகளுக்குப் பயம். பழைய நாற்காலி வாங்கும் எந்த வீட்டிலும் இன்றும் எழும் முதல் கேள்வி இதுதான். விற்பவர் "அதெல்லாம் கல்யாண வூட்டுச் சாமான்மா" என்று சத்தியம் செய்வார். நாற்காலி முதுகில் ஏதோ ஒரு ஷாமியானா கடையின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் பொறித்திருக்கும். இந்தக் கல்வெட்டைப் படித்துவிட்டால், அது கல்யாணத்துக்கும் போயிருக்கும் மற்றதற்கும் போயிருக்கும் என்பது விளங்கிவிடும். எனவே மாமியார் மஞ்சள் தண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார். இதை மூடநம்பிக்கை என்று மருமகன் சிரிக்கிறார். இங்கே ஆய்வு மாமியார் பக்கம். ஈரம் பட்டால் மரத்தின் நார் மயிர்க்கூச்செறிந்து எழும். அது காய்ந்தபின் பொடி உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால்தான் பாலிஷ் வழவழப்பாக உட்காரும். தேர்ந்த ஆசாரிகள் வேண்டுமென்றே ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பது இதற்காகத்தான். மஞ்சளுக்கும் உப்புக்கும் மட்டும் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை.

இனி அடுக்குகள். வேப்பூர்க் கட்டிலின் நிறத்தைக் கட்டிலின் சொந்தக்காரர் தீர்மானிப்பதில்லை, ஜன்னல் தீர்மானிக்கிறது. பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்கக் கூடாது. அருகில் அசையாமல் நிற்பது கட்டில். இதை 'மிச்சப் பெயிண்ட் விதி' என்று அழைக்கலாம். மேலே சாக்லேட் பிரவுன், அதன் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை, அதன் கீழே வான நீலம், ஒரு காலில் மட்டும் கேட்டுக்கு வாங்கிய சில்வர் என்று வந்தால், அந்த வீட்டு ஜன்னலின் வரலாறு முழுவதும் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். கட்டிலின் அடிப்பக்கத்தில் எந்த நிறமும் இருக்காது. அங்கே சீர் கொடுத்தவர் பெயரின் முதலெழுத்தும் ஒரு தேதியும் சாக்பீஸிலோ ஆணிக்கீறலிலோ கிடைக்கும். இது வம்சாவளிச் சான்று. சொத்து வழக்கு நிலுவையில் உள்ள குடும்பங்கள் இந்தப் பகுதியை முதலில் தேய்த்துவிடுவது நல்லது.

தேய்ப்பதற்கு முறை உண்டு. உப்புத்தாளின் முதுகில் உள்ள எண் கூடக் கூட மணல் பொடியாகும். 80இல் தொடங்கி 120, 220 என்று போக வேண்டும். மர ரேகையின் வாட்டத்திலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் போட்ட மறுகணம் எழுந்து நின்று சாட்சி சொல்லும். இன்னொன்றை ஆய்வு முகமூடியைக் கழற்றிவிட்டே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறை ஆனது. ஆகவே அந்த நீலத்திலும் பச்சையிலும் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் அது தூளாகிக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். சந்தேகமான பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால், பிள்ளைகள் இல்லாத இடத்தில், நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்ப்பதே அறிவு. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது தோற்றத்துக்கு மட்டும் உதவும்.

எல்லா அடுக்கும் போனபின் மரம் தெரியும். வாங்கும்போது அது தேக்கு. விற்பவர் சொன்னார், குட்டியானை ஓட்டுநர் வழிமொழிந்தார். பக்கத்து விருத்தாசலத்தில், சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது, அது அதே தரமான பொன்தானா என்று உரசிப் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளையார் இருந்தார். தேக்குக்கு அப்படி மாற்றுரைக்கும் பிள்ளையார் யாரும் இதுவரை அமையவில்லை. மூக்கையும் விரலையும்தான் நம்ப வேண்டும். புதிதாகச் சீவிய தேக்கில் தோல் வாசம் வரும், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. வேங்கையை ஈரத்துணியால் துடைத்தால் சாயம் விடும். பெரும்பாலான அகழாய்வுகளில் கடைசியில் கிடைப்பது வேம்பு. அதில் ஏமாந்ததாக நினைக்க ஒன்றும் இல்லை. பூச்சி எளிதில் அண்டாத நல்ல மரம். ஆனாலும் வாங்கியவர் அதை வீட்டில் தேக்கு என்றே அறிவித்து, கருந்தேக்கு நிறத்தில் ஸ்டெய்னர் கலந்து வருகிறார்.

பிரெஞ்சு பாலிஷ் பற்றிச் சுருக்கமாக. அரக்குப் பூச்சியின் கசிவை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். 78 சுழற்சி கிராமபோன் தட்டும் இதே அரக்கில் செய்ததுதான். பாகவதர் குரலைத் தாங்கிய பொருள் இன்று உங்கள் கட்டில் காலில் பளபளக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைப் போடக் கூடாது. காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். தீபாவளிக்குள் முடித்தே தீர வேண்டும் என்று உறுதி எடுப்பவர்கள் சரியாக இந்த மழைக்காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கூலிக் கணக்குக்கு வருவோம். விருத்தாசலம் கோயில் திருப்பணியில் விபசித்து முனிவர் வேலையாட்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாயிற்று என்றும் தலபுராணம் சொல்கிறது. தன் கட்டிலைத் தானே தேய்ப்பவருக்கு இந்த முறையில் கூலி கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது சுவையான கேள்வி. டீ குடித்த நேரம், ஆணி வாங்கக் கூட்டுரோடு போய் அரசியல் பேசிய நேரம், வேடிக்கை பார்க்க வந்தவரோடு "இது என்ன மரம் சார்?" பற்றி விவாதித்த நேரம் எல்லாம் கழித்தால், இலை பெரும்பாலும் இலையாகவே இருக்கும்.

கடைசிச் சிக்கல் காலாட்டம். கட்டில் ஆடுகிறது என்றால் ஆண்கள் ரம்பத்தை எடுக்கிறார்கள். நீளமான காலை அறுக்கிறார்கள், இப்போது மற்றது நீளம். இந்தப் போக்கில் கட்டில் பலகையாகிவிடும். குற்றம் காலில் இல்லாமல் தரையிலும் இருக்கலாம் என்பது ஒரு கணிதத் தேற்றத்தின் உட்கிடை. கால்கள் சமமாக உள்ள சதுர மேசையை, திடீர்ப் படி இல்லாத மேடுபள்ளத் தரையில், 90 டிகிரிக்குள் சுழற்றினால் நான்கு காலும் ஒருசேரப் பதியும் நிலை ஒன்று உண்டு. அழகான தேற்றம். வேப்பூரில் செல்லாது. கட்டில் சதுரம் அல்ல, அறையில் சுழற்ற இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கிழக்கே தலைவைத்த கட்டிலைச் சுழற்றும் வழியில் வடக்கு வந்துவிடும். வடக்கே தலைவைப்பதைவிட ஆடும் கட்டில் மேல்.

எனவே முட்டுக்கொடுத்தல். மடித்த காகிதம் தரை துடைக்கும் தண்ணீரில் கூழாகும். அட்டையைக் கரையான் தின்னும். தேங்காய் ஓடு வழுக்கும். இங்கேதான் விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் மரவேலைக்குத் துணைவருகிறது. அகலும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் ஊரில் உடைசலுக்குப் பஞ்சம் இல்லை. சூளையில் வெந்த சில்லு நசுங்காது, ஊறாது, உளுக்காது. தரையின் ஈரத்தைக் காலின் வெட்டுமுகம் உறிஞ்சி அழுகுவதையும் தடுக்கும். தடிமனும் வேண்டிய அளவில் கிடைக்கும்: அகலின் விளிம்பு சிறு ஆட்டத்துக்கு, பிள்ளையார் பொம்மையின் பீடம் பெரிய ஆட்டத்துக்கு. ஆனால் பீடத்தைப் பாட்டி பார்த்துவிடக் கூடாது.

ஒரே குறை, பெருக்கும்போது துடைப்பம் சில்லைத் தள்ளிவிடும். இரவு கட்டில் ஆடும். கணவர் எழுந்து விளக்கைப் போட்டு, குனிந்து பார்த்து, "இந்தக் காலுதான் அரை விரக்கடை உயரம்" என்பார்.

"ஏங்க, ரம்பத்தைக் கீழ வைங்க. சில்லு அலமாரிக்குக் கீழ கெடக்குது."