சின்னசேலம் சித்தப்பா பதில்கள்

(இந்த வாரத் தபாலில் பாதி மலையைப் பற்றி, மீதி ஆஸ்பத்திரியைப் பற்றி. சினிமாக் கேள்வி கேட்ட அன்பர்கள் பொறுத்தருள்க.)

ஓய்வுபெற்ற ஆசிரியர், சின்னசேலம்:
கல்வராயன்மலை மக்கள் ஏன் ஆஸ்பத்திரி என்றாலே தயங்குகிறார்கள்?

ஊசிக்குத் தயக்கமில்லை வாத்தியாரே, ஊசி போடுகிறவர் பேச்சுக்குத்தான். காட்டில் கரடியை எதிரே பார்த்தவர்கள் அவர்கள். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் முறைக்கும்போதுதான் கால் நடுங்குகிறது.

மளிகைக் கடைக்காரர், நயினார்பாளையம்:
கல்வராயன்மலைக்காரர்களை மலையாளி என்கிறார்களே, இவர்கள் கேரளாவிலிருந்து வந்தவர்களா?

இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்களே கதை சொல்வார்கள். வீட்டில் பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மலையாளிகள்தான் அதிகம், சுமார் மூன்றரை லட்சம் பேர். ஆகவே பாஷை புரியவில்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் சாக்குச் சொல்ல முடியாது. இங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ‘வா, போ’வுக்குப் பின்னால் ஒரு ‘ங்க’ போதும்.

நர்சிங் மாணவி, கள்ளக்குறிச்சி:
‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று ஒரு பாடம் உண்டாமே? யார் கண்டுபிடித்தது?

நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரிகள். 1988இல் கிறைஸ்ட்சர்ச் கூட்டம் ஒன்றில் ஒரு மாணவி எழுந்தாள். சட்டப் பாதுகாப்பு, தொழில் பாதுகாப்பு என்று அடுக்குகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்ற பொருளில் கேட்டாள். இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் அந்தக் கேள்வியை ஒரு கொள்கையாகவே வளர்த்தார். 1992இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்தில் சேர்த்தது. இதில் விசேஷம் என்னவென்றால், நர்ஸ் நடந்துகொண்டது சரியா என்று மார்க் போடுகிறவர் நோயாளி. நம் பக்கம் அந்த முறை வந்தால் எத்தனை பேர் அரியர் வைப்பார்களோ, நீயே எண்ணிக்கொள் பாப்பா.

விவசாயி, கரியாலூர்:
வயிற்றுவலி என்று கீழே போனால் முதல் கேள்வியே “சாராயமா?” என்பதுதான். ஏன்?

எல்லோரிடமும் கேட்டால் அது வைத்தியக் கேள்வி. மலைக்காரரிடம் மட்டும் கேட்டால் போலீஸ் கேள்வி. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறதா, கையில் லத்தி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஒப்பந்ததாரர், சங்கராபுரம்:
முதலில் மலைக்கு ரோடு வரட்டும். மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே?

இரண்டையும் ஒரே டெண்டரில் விடலாம், தப்பில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் கல்வராயன்மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்துக் கேட்டது. மலையில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கக் கீழே இத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது.

இல்லத்தரசி, கச்சிராயபாளையம்:
ஆம்புலன்ஸ் போகாத மலையூர்களில் பாம்பு கடித்தால் என்ன செய்வார்கள்?

2023 மே, வேலூர் மாவட்டம் அல்லேரிமலை. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்த உடலை ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் கையில் ஏந்தி மலையேறினார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பஞ்ச் இல்லையம்மா.

பட்டதாரி இளைஞர், தியாகதுருகம்:
இந்தக் காலத்திலும் வீட்டில் பிரசவம் பார்ப்பது அறியாமைதானே?

அவசரப்படாதே தம்பி. குந்தியும் உட்கார்ந்தும் பிள்ளை பெறுவது உலகத்தில் பல பழங்குடிகளின் வழக்கம், உன் கொள்ளுப்பாட்டி வழக்கமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பெரு நாட்டு அரசு 2005இல் நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கென்றே ஆஸ்பத்திரி விதிமுறை வகுத்தது. 2018இல் ஜெனீவாவிலிருக்கும் உலக சுகாதார நிறுவனமும், எந்த நிலையில் பெறுவது என்பதில் தாயின் விருப்பத்தைக் கேளுங்கள் என்றது. பாட்டி சொன்னதை ஜெனீவா சொன்னால் கைதட்டுகிறோம்.

ஆனால் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் பாட்டியிடம் ரத்த வங்கி கிடையாது. அதனால் ஆஸ்பத்திரி கட்டாயம் வேண்டும். பாட்டியையும் உள்ளே விட வேண்டும். பிரசவ அறைக்குள் ஒரு துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2004லேயே வந்த ஏற்பாடு. வாசலில் நிற்கும் காவலாளிக்கு யாராவது சொன்னார்களா என்பதுதான் விஷயம்.

அதே இளைஞர்:
மலையில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறதே, முன்கூட்டியே வந்து தங்கினால் என்ன?

அருமையான திட்டம். வீட்டில் இரண்டு குழந்தை, நாலு ஆடு, அறுவடைக்கு நிற்கும் சாமை. இவற்றுக்கும் ஒரு காத்திருப்பு அறை கட்டினால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

எல்.ஐ.சி. முகவர், சின்னசேலம்:
மலைக்கு அரசாங்கம் சலுகை தரவில்லையா?

தருகிறதே. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கே ஒன்று. அந்த 20,000 பேர் எத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்று விதி கேட்பதில்லை. விதிக்குக் கால் வலிக்காது.

வங்கி ஊழியர், கள்ளக்குறிச்சி:
குறை மட்டும் சொல்கிறீர்களே. எங்காவது நன்றாக நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது பிறந்த 1,000 குழந்தைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை. பின்னாளில் அது 20ஐ ஒட்டி இறங்கியது.

மந்திரம் ஒன்றுமில்லை. அந்த ஊர்ப் பெண்களையே நர்சாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். ஊசி போடுகிறவள் சித்தி மகள் என்றால் அதட்டினாலும் உரிமையோடு அதட்டுவாள், பதிலுக்கு நாமும் அதட்டலாம்.

அதே ஊழியர்:
அது இரண்டு நல்லவர்களின் சாதனை. எல்லா ஊருக்கும் ஒத்துவருமா?

இரண்டு நல்லவர்கள் என்று அடக்கிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனை நடக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பெண்கள் அங்கே நர்ஸ், நிர்வாகத்திலும் ஆதிவாசிகள்.

மகாராஷ்டிரத்துக் கட்சிரோலிக்குப் போங்கள். டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி, ஆஸ்பத்திரி எப்படி இருக்க வேண்டும் என்று கோண்டு பழங்குடி மக்களையே கேட்டார்கள். பெரிய கட்டடத்துக்குள் போனால் வழி தெரியவில்லை, உறவுக்காரரை வெளியே நிறுத்துகிறார்கள், வெள்ளைத் துணி நாங்கள் பிணத்துக்குப் போர்த்துவது, அதை உடுத்தி வருகிறவர் எப்படி உயிர் கொடுப்பார் என்றெல்லாம் பதில் வந்தது. அதனால் கிராமம் மாதிரியே குடில் குடிலாகக் கட்டி, அவர்கள் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரை வைத்தார்கள்.

அதே அபய் பங் தலைமையில் மத்திய அரசு 2013இல் பழங்குடி நலவாழ்வுக் குழு அமைத்து, 2018இல் அறிக்கையும் வாங்கியது. அறிக்கை நலமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர், வெள்ளிமலை:
முகாம் போட்டு ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவை யாரும் சொல்லவில்லையே?

அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய்க்கான சோதனையாக இருக்கலாம். இந்தியாவில் அந்த நோயை முதலில் கண்டது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். அதை ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1. இலக்கு 2047, ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை. ஏழு கோடிப் பேரிடம் எடுப்பது பாதி வேலை, ஏழு கோடிப் பேரிடம் சொல்வது மீதி. எடுத்தவரிடம் துணிந்து கேளுங்கள், அது உங்கள் ரத்தம்.

டிப்ளமோ மாணவர், உளுந்தூர்பேட்டை:
காசும் கருவியும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

கனடாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. 2020 செப்டம்பர் 28, க்யூபெக்கின் ஜோலியெட் ஆஸ்பத்திரி. ஏழு குழந்தைகளின் தாயான ஜாய்ஸ் எஷாக்வான் என்ற பழங்குடிப் பெண், ஊழியர்கள் தன்னை ஏசுவதைக் கட்டிலில் கிடந்தபடியே செல்போனில் நேரலையாகக் காட்டிவிட்டு இறந்துபோனார். அந்தச் சாவில் இனவெறிக்கும் பங்குண்டு என்று விசாரணை அதிகாரி எழுதினார். ஸ்கேன் மிஷின் யாரையும் ‘வாங்க’ என்று கூப்பிடாது தம்பி.

ஆட்டோ ஓட்டுநர், சின்னசேலம்:
சித்தப்பா, நீங்கள் ஒருநாள் சுகாதார மந்திரியானால்?

ஒரே கையெழுத்து. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தொடங்கி, மலையடிவாரத்து எல்லா ஆஸ்பத்திரிகளிலும் விசாரணை மேசைக்கு மலையில் பிறந்து படித்த ஒரு பெண். தினக்கூலியாக அல்ல, நிரந்தர வேலையாக. நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்பும், அதற்குள் என் ஒருநாள் முடிந்திருக்கும்.

கல்லூரி மாணவி, இன்னாடு:
அதுவரை நாங்கள் என்ன செய்வது?

யாராவது மரியாதையில்லாமல் பேசினால் தேதி, நேரம், வார்டு மூன்றையும் குறித்துக்கொண்டு 104ஐக் கூப்பிடு. அரசின் சுகாதார உதவி எண், புகாரையும் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பாறைமேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று உனக்கே தெரியும்.